பீரோவில் உறங்கும் கேமரா: ஒரு நடுத்தர டி.எஸ்.எல்.ஆரைக் கையாளும் பாடம்



நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளை வாங்கி வந்ததாகவோ, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோட்டி கடைவீதியில் நாமே ஆசையாய் வாங்கியதாகவோ இருக்கும். இப்போது அது பீரோவின் மேல்தட்டில், பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில், பையோடு உறங்குகிறது. "அதைத் தூக்கிக்கொண்டு யார் போவது? கையில்தான் போன் இருக்கிறதே" என்று சொல்லிவிடுகிறோம். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அதை மறுபடி எடுத்துப் பழகியதற்கு ஒரு காரணம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகளின் அரங்கேற்றம் செகந்திராபாத்தில் ஓர் அரங்கில் நடந்தது. கும்பகோணத்திலிருந்து என் தாயார் வந்திருந்தார். அது எண்பது வயதில் அவர் செய்த பயணம். நிகழ்ச்சி முடிந்ததும் பேத்தி சலங்கையோடு மேடையை விட்டு இறங்கி வந்து பாட்டியின் காலில் விழுந்தாள். பாட்டி அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டார். நான் தொடர்ந்து 20 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், ஒன்றில்கூட முகம் இல்லை. வண்ணப் பட்டைகள் இழுபட்டது போல் இருந்தன. அடுத்த தை மாதம் அம்மா காலமானார். அதுவே அவர் இந்த ஊருக்கு வந்த கடைசித் தடவை.

பழுது கேமராவில் இல்லை. முந்தைய நாள் உறவினர்களோடு கோல்கொண்டா போயிருந்தேன். நல்ல வெயிலில், கோட்டைச் சுவர் முழுக்கத் தெளிவாக விழ வேண்டும் என்று ஏ என்ற முறையில் துவாரத்தை எஃப் 11 என்று வைத்து, ஐ.எஸ்.ஓ.வை 200-இல் வைத்திருந்தேன். அரங்கத்திலும் அதுவே நீடித்தது. மேடை விளக்கின் அளவுக்கு அந்த அமைப்பில் ஷட்டர் ஏறக்குறைய அரை வினாடி திறந்திருக்க வேண்டும். அரை வினாடிக்குள் குழந்தை குனிந்து எழுந்துவிடுகிறது. கேமரா அதை எனக்குச் சொல்லாமலும் இல்லை. பார்வைத் துளையின் அடியில் '2' என்று எண் காட்டிக்கொண்டே இருந்தது. அங்கே தெரிவது பின்னத்தின் கீழ் எண் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 125 என்றால் வினாடியில் 125-இல் ஒரு பங்கு. 2 என்றால் வினாடியில் பாதி. முழு வினாடி என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு இருக்கும். இந்த ஒரு சங்கதி தெரியாததால் எனக்கு ஏற்பட்ட நஷ்டம் அது.

ஆகவே இந்தக் கட்டுரையில் கேமராவின் பெருமையைப் பாடாமல், அது ஏன் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, அதை எப்படிக் கையில் பிடித்து நடத்துவது என்பதைப் பார்ப்போம். உதாரணத்துக்கு என்னிடம் உள்ள நிக்கான் டி90-ஐ எடுத்துக்கொள்கிறேன். 2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட மாடல் இது. இப்போது பழைய சரக்காகத்தான் கிடைக்கும். வீடியோ எடுக்கக்கூடிய முதல் டி.எஸ்.எல்.ஆர். என்ற பெயரும் இதற்கு உண்டு. உங்களிடம் வேறு மாடலோ கேனானோ இருந்தாலும் பொத்தான்களின் இடம் மாறுமே தவிர விஷயம் மாறாது.

தீன் தயாள் பார்த்த தலைகீழ் உலகம்

நம் ஊரில் புகைப்படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ராஜா தீன் தயாளைச் சொல்லாமல் மேலே போவது முறையல்ல. 1844-இல் மீரட் அருகே சர்தானாவில் பிறந்தவர். ரூர்க்கியில் பொறியியல் படித்து, இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். கேமரா பழக்கம் அவரை வேலையை விட வைத்தது. ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரராக ஆனார். செகந்திராபாத்தில் ஸ்டூடியோ நடத்தினார். கோஷா முறையில் இருந்த பெண்களுக்காக 1892-இல் ஹைதராபாத்தில் தனியாக ஒரு ஸ்டூடியோ திறந்து, அதன் பொறுப்பை ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் கொடுத்தார். 1905-இல் மறைந்தார். அவருடைய கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்கள் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு மேல் இன்று தில்லியில் இந்திராகாந்தி தேசியக் கலை மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அவர் காலத்து மரக் கேமராவில் வேலை செய்வது எப்படி என்று சற்று எண்ணிப் பாருங்கள். பின்புறம் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அதில் பார்த்தால், எதிரே நிற்கும் நவாப் தலைகீழாகத் தெரிவார். குவியம் சரிசெய்து முடித்ததும் அந்த இடத்தில் தகட்டைச் செருக வேண்டும். செருகியதும் காட்சி போய்விடும். அதாவது படம் எடுக்கும் நேரத்தில் படத்தைப் பார்க்க முடியாது. எதிரே இருப்பவர் அசையாமல் இருப்பார் என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையோடு அவர் எடுத்த படங்களைப் பார்த்தால், ஆயிரம் படம் எடுத்துப் பத்தைத் தேர்வு செய்யும் நமக்கு வெட்கமாக இருக்கிறது.

எஸ்.எல்.ஆர். என்ற அமைப்பு தீர்த்துவைத்தது இந்தச் சங்கடத்தைத்தான். லென்ஸுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்புகிறது. மேலே ஐந்து முகப் பட்டகம் ஒன்று இருந்து, படத்தை நிமிர்த்தி, இடவலம் சரிசெய்து நம் கண்ணுக்குக் கொடுக்கிறது. பொத்தானை முழுவதும் அழுத்தியதும் கண்ணாடி மேலே மடங்குகிறது, ஷட்டர் திறந்து மூடுகிறது, கண்ணாடி கீழே இறங்குகிறது. நாம் கேட்கும் 'க்ளக்' என்ற சப்தம் இதுதான். இந்தச் சப்தத்தையும் காது கொடுத்துக் கேட்கப் பழகுங்கள். அது இரண்டாகப் பிரிந்து, 'க்ளக்... ளக்' என்று இழுத்தால் ஷட்டர் மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். அன்று அரங்கத்தில் நாதஸ்வர இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு அது கேட்கவில்லை.

நடுத்தரம் என்றால் என்ன?

கடைக்காரர்கள் 'என்ட்ரி லெவல்', 'மிட் ரேஞ்ச்' என்றெல்லாம் சொல்வார்கள். விலை வித்தியாசம் எதற்கு என்று கேட்டால் மெகாபிக்ஸலைக் காட்டுவார்கள். உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. டி90-இன் 12.3 மெகாபிக்ஸல் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் 14 அங்குல அகலத்துக்கு வரும். கூடத்தில் மாட்டுவதற்கு அது போதும்.

முதல் வித்தியாசம் பார்வைத் துளை. விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் பட்டகத்துக்குப் பதிலாகச் சிறு கண்ணாடிகளை ஒட்டி வைத்திருப்பார்கள். காட்சி சிறியதாகவும் மங்கலாகவும் இருக்கும். டி90-இல் இருப்பது முழுக் கண்ணாடிப் பட்டகம். மண்டபத்து மங்கிய வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். காட்சியில் 96 சதவீதம் மட்டுமே துளையில் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓரத்தில் நீங்கள் பார்க்காத ஒரு பிளாஸ்டிக் நாற்காலி படத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கவனிக்க: துளையின் வலது பக்கம் ஒரு சிறு திருகு இருக்கிறது. உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகும் வரை அதைத் திருப்பிக்கொள்ளலாம். என் மைத்துனர் இது தெரியாமல் "குவியமே சரியில்லை" என்று சொல்லிக் கேமராவையே விற்கப் போனார்.

இரண்டாவது வித்தியாசம் இரட்டைச் சக்கரங்கள். பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று, முன்னால் ஆட்காட்டி விரலுக்கு ஒன்று. ஒன்று ஷட்டர் வேகத்தை மாற்றும், மற்றது துவாரத்தை மாற்றும். மலிவு மாடலில் ஒரே சக்கரம்தான்; இன்னொன்றை மாற்ற ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே சுற்ற வேண்டும். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். ஆனால் கண்ணைத் துளையிலிருந்து எடுக்காமல் இரண்டையும் மாற்ற முடிவதற்குத்தான் அந்தக் கூடுதல் விலை.

மூன்றாவது, வலது தோளில் இருக்கும் சிறு எல்.சி.டி. பலகை. பின்பக்கத்துப் பெரிய திரையை எல்லோரும் பார்க்கிறோம். இதை யாரும் பார்ப்பதில்லை. ஷட்டர், துவாரம், மின்கலத்தின் நிலை, இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் எல்லாம் அதில் இருக்கின்றன. இருட்டில் பார்க்க வேண்டுமானால், கேமராவை இயக்கும் வளையத்தை இன்னும் ஒரு படி தள்ளினால் விளக்கு எரியும்.

நான்காவது, உடம்புக்குள் இருக்கும் குவிய மோட்டார். பழைய எஃப் வகை லென்ஸ்கள் பலவற்றில் மோட்டார் கிடையாது; கேமராவிலிருந்து ஒரு சிறு திருகாணி நீண்டு வந்து லென்ஸைச் சுழற்றும். டி40, டி60 போன்ற சின்ன மாடல்களில் அந்த மோட்டார் இல்லை. கையால்தான் சுற்ற வேண்டும். டி90-இல் உண்டு. மாமாவோ தாத்தாவோ பிலிம் காலத்தில் வாங்கி வைத்த நிக்கான் ஏ.எஃப். லென்ஸ் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1959-இல் வந்த அதே எஃப் பொருத்துவாய்தான் இதிலும் இருக்கிறது. கண்ணாடி இல்லாத புதிய இசட் வகைக் கேமராக்களில்கூட, நிக்கானின் எஃப்.டி.இசட். இணைப்பைப் போட்டாலும் இந்தத் திருகாணி லென்ஸ்கள் தானாகக் குவிவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் பழைய கேமராதான் வசதி.

கையில் பிடிப்பது

டி90-இன் உடல் மட்டும் 620 கிராம். கூட வரும் 18-105 மி.மீ. லென்ஸ் 420 கிராம். மின்கலத்தோடு ஒரு கிலோவைத் தாண்டிவிடும். இதைப் போனைப் பிடிப்பது போல் முன்னால் நீட்டிப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் கை நடுங்கும். பிறகு "கனம், கனம்" என்று அலுத்துக்கொண்டு பீரோவில் வைத்துவிடுவோம்.

எடையைத் தாங்க வேண்டியது இடது கை. உள்ளங்கையை மேல் நோக்கி விரித்து, பிரசாதம் வாங்குவது போல் லென்ஸின் அடியில் கொடுங்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் லென்ஸ் வளையத்தைச் சுற்றத் தயாராக இருக்கட்டும். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். வலது கை கைப்பிடியைப் பற்றும், அவ்வளவுதான். இறுக்கிப் பிடித்தால் பொத்தானை அழுத்தும்போது கேமரா சாயும். துளையைப் புருவத்தோடு ஒட்டி வையுங்கள். இரண்டு கை, ஒரு நெற்றி என்று மூன்று தாங்கல் கிடைத்துவிடும். வாரைக் கழுத்தில் போட மறக்க வேண்டாம். குழந்தை ஓடி வந்து கட்டிக்கொள்ளும் நேரம் எப்போது என்று யாருக்குத் தெரியும்!

பொத்தானை ஒரே மூச்சில் அழுத்தக் கூடாது. பாதி அழுத்தினால் குவியம் பிடிக்கும், ஒளி அளக்கும். மீதிப் பாதி படம். டி90-இல் 11 குவியப் புள்ளிகள் உள்ளன. நடுப் புள்ளிதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. மங்கிய இடத்தில் நடுப் புள்ளியைக் கண்ணின் மேல் வைத்துப் பாதி அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு சட்டத்தைச் சற்று நகர்த்தி முழுதும் அழுத்துங்கள். நின்றிருப்பவரை எடுக்க இது நல்ல வழி. ஆடுபவருக்கு உதவாது.

இனி அரங்கேற்றம். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

துவார எண்ணில் பலருக்குக் குழப்பம் உண்டு. எண் சிறியதானால் துவாரம் பெரியது. லென்ஸின் குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் துவாரத்தின் விட்டம் வரும் என்பதே காரணம். 18-105 லென்ஸை முழுவதும் நீட்டினால் கிடைக்கும் மிகப் பெரிய துவாரம் எஃப் 5.6. அன்றைய மேடை வெளிச்சத்தில் அதை வைத்து, ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு ஏற்றினால் ஷட்டர் 1/60 வரும். முத்திரை பிடித்து நிற்கும் கணத்துக்கு அது போதும், ஜதிக்குப் போதாது. ஐ.எஸ்.ஓ. 3200 என்றால் 1/125 கிடைக்கும், ஆனால் படத்தில் பொடி தூவினாற்போல் புள்ளிகள் வரும். பரவாயில்லை என்பேன். புள்ளி விழுந்த முகத்தை முகமாகப் பார்க்கலாம். இழுபட்ட முகத்தை என்ன செய்தும் மீட்க முடியாது. லென்ஸில் வி.ஆர். என்று எழுதியிருக்கிறதே என்று கேட்பீர்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். ஆடுபவரின் வேகத்தை அது தடுக்காது.

இன்னொரு வழி, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். நிக்கானின் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. பழையதாக எளிதில் கிடைக்கும். எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை அது உள்ளே விடும். அதே மேடையில், ஐ.எஸ்.ஓ. 1600-இல், 1/500-ஐத் தாண்டி எடுக்கலாம். இந்தக் கேமராவின் உணரி பிலிமைவிடச் சிறியது என்பதால் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போல் நடந்துகொள்ளும். இரண்டாம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தால் நடனமணி முழு உருவமாகச் சட்டத்தில் நிற்பாள். ஆனால் நெருக்க முடியாது, பின்வரிசைக்காரருக்கு உதவாது.

மேடையின் பின்திரை கறுப்பாக இருந்தால் இன்னொரு தொல்லை வரும். கேமரா முழுச் சட்டத்தையும் அளந்து, 'எல்லாம் இருட்டாக இருக்கிறதே' என்று ஒளியைக் கூட்டும். அரிதாரம் பூசிய முகம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுக்கும். ஷட்டர் பொத்தானுக்கு அருகில் கூட்டல் கழித்தல் குறியிட்ட ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திக்கொண்டு பின் சக்கரத்தைச் சுற்றி மைனஸ் 1 வையுங்கள். டாங்க் பண்டில் மாலை வானத்தின் எதிரே நிற்கும் புத்தர் சிலைக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்; அங்கே பிளஸ் 1. பிள்ளைகளுக்குப் பழகக் கொடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரே சிலையை மைனஸ் 2-இலிருந்து பிளஸ் 2 வரை ஐந்து படமாக எடுத்து வரச் சொல்லுங்கள். புத்தகம் படிக்க வேண்டியதில்லை.

மேடைக்கு பிளாஷ் வேண்டாம். கேமராவின் தலையில் எழும்பும் சின்ன விளக்கு பத்தாம் வரிசையிலிருந்து மேடையை எட்டாது; முன்வரிசைக்காரரின் பின்னந்தலைதான் பளிச்சென்று விழும். ஆடுபவரின் கண்ணுக்கும் அது தொந்தரவு. கோயிலிலும் அப்படியே. ஸ்கந்தகிரியில் உற்சவம் எடுக்கப் போனால் முதலில் அனுமதி கேளுங்கள்; கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

இப்போது நான் பையிலிருந்து கேமராவை எடுத்ததும் செய்வது ஒன்று உண்டு. மேலே பச்சைப் புள்ளி இட்ட இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து இரண்டு வினாடிக்கு மேல் அழுத்தினால் முந்தைய நாள் மாற்றிய அமைப்புகளில் பெரும்பாலானவை தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். பிறகு எல்.சி.டி. பலகையைப் பார்த்து முறை, துவாரம், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் வாய்விட்டுச் சொல்வேன். "மந்திரம் ஆரம்பித்துவிட்டார்" என்று வீட்டில் கேலி செய்வார்கள். சிவப்பு எழுத்தில் 'ஃபார்மட்' என்று குறித்த பொத்தான்களும் இரண்டு உண்டு. அவற்றை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை அட்டையில் உள்ள படங்கள் அனைத்தையும் அழிப்பதற்கு. முதல் படத்தை எடுத்ததும் பின்திரையில் பெரிதாக்கி, கண் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய அளவில் பார்த்தால் எந்தப் படமும் நன்றாகத்தான் தெரியும்.

பழைய கேமரா வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. டி90-இன் ஷட்டர் 1 லட்சம் தடவை இயங்கும்படி சோதிக்கப்பட்டது. இதுவரை எத்தனை தடவை இயங்கியது என்ற கணக்கு படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். கடைக்காரரிடம் ஒரு படம் எடுத்துக் கணினியில் பார்க்கச் சொல்லுங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சிலந்தி வலை போல் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். கடலோரத்துச் சென்னையில் இது அதிகம். நம் ஊர் வறண்ட ஊர் என்றாலும் மழைக்காலத்தில் வரத்தான் செய்கிறது. பீரோவில் தோல் பைக்குள் வைப்பதைவிட, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத சமையலறை டப்பாவே மேல். சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏ.சி. பெட்டியில் போய்ச் சென்னையில் இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் நீர் பூக்கும். பைக்குள்ளேயே அரைமணி நேரம் இருக்கட்டும்.

அம்மாவின் படம் ஒன்றே ஒன்று அன்றைய அட்டையில் மிஞ்சியது. அரங்கத்துக்குக் கிளம்பும்போது, மாலை நான்கு மணிக்கு, வாசலில் எடுத்தது. நல்ல வெயில், எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 200, ஷட்டர் 1/250. கோல்கொண்டாவுக்கு வைத்த அமைப்பு அந்த வெயிலுக்கும் சரியாக இருந்தது. அந்தப் படம் நன்றாக வந்ததைப் பார்த்த தைரியத்தில்தான் நான் எதையும் மாற்றாமல் உள்ளே போனேன். கண் கூசிப் புருவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஆட்டோ வருகிறதா என்று தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். புடவையின் சரிகை இழை இழையாகத் தெரிகிறது.